வேர்த்தால் மட்டும் காணாது: ஓட்டப் போட்டிக்கு முன் வோர்ம் அப்பில் வரும் கோளாறுகளும் திருத்தங்களும்

ஒரு பத்துக் கிலோமீற்றர் போட்டி. விடிய ஐந்தரை மணி, காலிமுகத்திடல். எங்களோடு காலையில் ஓடுகிற தம்பி ஒருவர் ரீசேட் முதுகோடு ஒட்டும் அளவுக்கு நனைந்துபோய் நின்றார். “வோர்ம் அப் செய்தீங்களா?” என்று கேட்டேன். “வேர்த்துக் கொட்டுது அண்ணை, இது காணும்” என்றார். பஸ்ஸால் இறங்கி நடந்து வந்ததுதான் அவர் செய்திருந்த வோர்ம் அப். குனிந்து அவருடைய கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். தோல் ஈரமாக, கடற்காற்றுப் பட்டுக் குளிர்ந்திருந்தது. உள்ளே தசை பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டாவது கிலோமீற்றரில் அவர் இடுப்பில் கை வைத்தபடி நடந்துகொண்டிருந்தார்.

கொழும்பில் ஓடுகிறவர்களை வேர்வை ஏமாற்றிவிடுகிறது. விடியற்காலையில் இங்கே ஈரப்பதன் பல நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். வேர்வை காய இடமில்லாமல் தோலிலேயே தங்கும். சும்மா நின்றாலே நனைவோம். அது காற்றின் ஈரத்தைச் சொல்கிறதே தவிர, தசை சூடாகிவிட்டதென்றோ இதயமும் நுரையீரலும் ஓட்டத்துக்குத் தயாரென்றோ சொல்லவில்லை. இதை நம்பிச் சிலர் வோர்ம் அப்பையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் குளிர்நாட்டு ஓட்டக்காரர்களின் அட்டவணையைப் பார்த்து அரை மணி நேரம் சுற்றி ஓடி, தொடங்கும் முன்பே வாடிவிடுகிறார்கள். இரண்டு பக்கக் கோளாறையும் போட்டியில் தெரியும் அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கலாம். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், இதயம் ஒழுங்கில்லாமல் படபடத்தல் ஆகியவை வோர்ம் அப்பால் திருத்துகிற விஷயங்கள் அல்ல. உடனே நின்று முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லையென்றால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். அதேபோல, காய்ச்சல் விட்டு ஓரிரு நாள்தான் ஆகிறதென்றால், அது டெங்குவோ சாதாரண வைரஸ் காய்ச்சலோ, போட்டியை விட்டுவிடுங்கள். காய்ச்சலின்போது இதயத் தசையிலும் அழற்சி வந்திருக்கலாம். அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. கட்டிய காசு போனால் போகட்டும். டொக்டர் சரி என்று சொன்ன பிறகு ஓடலாம்.

முதல் ஐந்து நிமிடம் மூச்சு முட்டுகிறது, மூன்றாவது கிலோமீற்றரில் தானாகச் சரியாகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். “எனக்குத் தொடக்கம்தான் கஷ்டம், பிறகு ஓடிடுவன்” என்று சொல்பவர்களுக்கெல்லாம் இந்தக் கோளாறுதான்.

போட்டி தொடங்கியதும் கால் உடனே முழு வேகத்தைக் கேட்கும். அந்த வேகத்துக்கு வேண்டிய ஒட்சிசனை இதயமும் நுரையீரலும் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதுவரை தசை ஒட்சிசன் இல்லாத வழியில் சக்தி எடுத்து, கடனுக்கு ஓடுகிறது. நீங்கள் வேகமாகத் தொடங்கத் தொடங்கக் கடனும் பெரிதாகும். மூச்சு முட்டுவதும் கால் கனப்பதும் அந்தக் கடனின் அடையாளம். போட்டிக்குச் சற்று முன்னர் கொஞ்ச நேரம் போட்டி வேகத்திலேயே ஓடியிருந்தால், ஒட்சிசன் வந்து சேருவது விரைவாகும், கடனும் சிறிதாகும்.

மெதுவாக மட்டும் ஓடிவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பலன் முழுதாகக் கிடைக்காது. அவர்கள் சொல்வார்கள், “நான் பதினைந்து நிமிஷம் ஓடினேனே” என்று. ஓடினீர்கள்தான், ஆனால் போட்டி வேகத்தை உடம்புக்கு ஒருமுறைகூடக் காட்டவில்லை.

பத்துக் கிலோமீற்றர் போட்டி 6.00 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நான் செய்வதும் சொல்லிக்கொடுப்பதும் இது:

5.25க்கு மெதுவோட்டம், எட்டு நிமிடம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் வசனம் பாதியில் அறுந்து மூச்செடுக்க வேண்டி வந்தால் சரியான அளவு. வேர்வையை விட்டுவிட்டு இந்தக் கதையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

5.34க்கு அசைவுப் பயிற்சி, நான்கைந்து நிமிடம். ஒரு கம்பத்தையோ நண்பரின் தோளையோ பிடித்துக் காலை முன்னும் பின்னும் வீசுதல், பிறகு பக்கவாட்டில் வீசுதல், ஒவ்வொன்றும் பத்துத் தடவை. முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இருபது எட்டு நடை. குதிகால் பின்புறத்தைத் தொடும்படி இருபது எட்டு ஓட்டம். நீள எட்டு வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் நடை, பத்து எட்டு. எதையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

5.40க்கு போட்டி வேகத்தில் இரண்டு நிமிடம். எல்லோரும் விடுகிற பகுதி இதுதான், விடக்கூடாததும் இதுதான். முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நடந்து மூச்சை முழுதாகத் தணியவிடுங்கள்.

5.45க்கு ஸ்ட்ரைட் நான்கு. ஸ்ட்ரைட் என்பது 80 மீற்றர் அளவில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் போட்டி வேகத்தைக் கொஞ்சம் தாண்டி, பிறகு தளர்த்தி நிற்பது. ஒன்றுக்கு 15 முதல் 20 செக்கன். நூறு மீற்றர் ஓட்டப் போட்டி மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு பாயக்கூடாது. தோளும் தாடையும் தளர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தொடங்கிய இடத்துக்கு நடந்து வாருங்கள்.

5.52க்கு தொடக்கக் கோட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஸ்ட்ரைட்டுக்குக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையைவிட நல்ல இடம் கொழும்பில் எனக்குத் தெரியாது. மட்டமான தரை, நேரான பாதை, விளக்குக் கம்பங்களை அடையாளம் வைத்தே தூரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 1856இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் தொடங்கி 1859இல் முடிந்த பாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி அங்குள்ள கல்லில் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லை நான் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் காட்டுவதுண்டு. பெண் ஓட்டக்காரர்கள் பலர், விடியமுன் இருட்டில் வோர்ம் அப்புக்கு எங்கே போவது என்று தயங்கி, சனத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். தனித் தெருவுக்குள் போகத் தேவையில்லை. ஆட்கள் நிற்கிற வெளிச்சமான நூறு மீற்றர் இருந்தால், திரும்பத் திரும்ப அதிலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள பாதையும் இதற்கு நல்லது.

தூரத்தைப் பொறுத்து அளவு மாறும். தூரம் குறையக் குறைய வோர்ம் அப் கூட வேண்டும் என்பது பலருக்குத் தலைகீழாகப் படும். ஐந்து கிலோமீற்றரில் தொடக்கக் கடனை அடைக்கத் தூரமே இல்லை. அதனால் ஸ்ட்ரைட்டை ஆறாக்குங்கள். அரை மரதனுக்கு எட்டு நிமிட மெதுவோட்டம், அசைவுப் பயிற்சி, இரண்டு ஸ்ட்ரைட் போதும். முழு மரதனுக்கு, நேரத்தைத் துரத்தாதவரென்றால், ஐந்து நிமிட நடையும் கால் வீச்சும் காணும். தசையில் சேர்த்து வைத்த மாச்சத்து 42 கிலோமீற்றருக்கு ஏற்கெனவே இழுபறி. அதைத் தொடங்குமுன் செலவழிக்கக்கூடாது. முதல் இரண்டு கிலோமீற்றரையே வோர்ம் அப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதற்தடவையாக ஓடியும் நடந்தும் முடிக்கப்போகிறவர் பத்து நிமிடம் கைவீசி நடந்தால் சரி.

கோட்டில் நிற்கும்போதே களைப்பு, இதயத் துடிப்பு இறங்க மாட்டேன் என்கிறது

இது மறுபக்கக் கோளாறு. வோர்ம் அப் கூடிப்போய்விட்டது, அல்லது வெயிலில் செய்யப்பட்டிருக்கிறது.

தசை சூடாவது நல்லது. உடம்பின் உள்வெப்பம் மொத்தமாக ஏறுவது நல்லதல்ல. குளிர்நாட்டில் இரண்டுக்கும் இடையில் நிறைய இடைவெளி இருக்கிறது. இங்கே, குறிப்பாக ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், அந்த இடைவெளி சின்னது. வேர்வை ஆவியாகாததால் சூடு வெளியே போக வழியில்லை. நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு பாகையும் போட்டிக்குள் உங்களோடு வரும்.

ஆறு மணிப் போட்டியைவிட, எட்டு மணிக்கோ பின்னேரம் நாலு மணிக்கோ தொடங்கும் பாடசாலை, அலுவலகப் போட்டிகளில்தான் இது அதிகம். திருத்தம்: மெதுவோட்டத்தை ஐந்து நிமிடமாக்குங்கள். ஸ்ட்ரைட்டை வைத்திருங்கள், ஏனென்றால் அது குறுகியது, சூட்டைப் பெரிதாக ஏற்றாது. எல்லாவற்றையும் நிழலில் செய்யுங்கள். விகாரமாதேவி பூங்கா பக்கம் என்றால் மரத்துக்குக் குறைவில்லை. ஸ்ட்ரைட்டுகளுக்கு இடையில் ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாயைக் கழுத்திலும் முன்கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். காலில் வைக்க வேண்டாம், கால் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதன் கடும் வெயிலில் மாலையில் தொடங்கியது. அமெரிக்காவின் டீனா காஸ்டர் பனிக்கட்டி வைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு தயாரானார். தொடக்கத்தில் மெதுவாக ஓடி, பின்னாலிருந்து வந்து வெண்கலம் வென்றார். நமக்கு மேலங்கி தேவையில்லை. ஒரு சொப்பிங் பையில் ஐஸும் பழைய துவாயும் இருந்தால் வேலை நடக்கும்.

நன்றாக வோர்ம் அப் செய்தேன், ஆனாலும் தொடங்கியதும் கால் இறுக்கம்

நேரம் பாருங்கள். ஸ்ட்ரைட் முடிந்து எத்தனை நிமிடம் நின்றீர்கள்? தசையின் சூடு ஓட்டத்தை நிறுத்தியதும் இறங்கத் தொடங்கும். கால் மணி நேரம் அசையாமல் நின்றால் செய்ததில் பெரும்பங்கு போய்விடும். கொழும்புப் போட்டிகளில் விருந்தினர் பேச்சு, விளக்கேற்றல், அறிவித்தல் என்று கோட்டுக்குள் அடைத்து வைத்த பிறகும் நேரம் நீளலாம். கோபப்பட்டுப் பயனில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெருக்கத்துக்குள் நின்றபடியே செய்யக்கூடியவை: நின்ற இடத்தில் முழங்காலைத் தூக்கி இருபது செக்கன் ஓட்டம், இருபது செக்கன் ஓய்வு, இப்படி மூன்று தடவை. பெருவிரலில் ஏறி இறங்குதல் இருபது. பாதி உட்கார்ந்து எழும்புதல் பத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பாரே என்று கூச்சப்படாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து செய்யத் தொடங்கினால் சுற்றி நிற்பவர்களும் சேர்ந்துகொள்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

கெண்டைக்கால் பிடிக்கிறது, குதிகாலுக்கு மேலே சுரீரென்கிறது

இதில் மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விடிய எழும்பிக் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் சில எட்டிலேயே குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாண் வலித்தால், கோளாறு போட்டி நாளுக்கு முந்தியது. நாண் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. வோர்ம் அப்பில் வலி மறையும், ஓடி முடிந்த பிறகு இரட்டிப்பாகத் திரும்பி வரும். மறைந்ததை நம்பி வேகம் கூட்டக்கூடாது. பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

காலையில் வலி இல்லை, முதல் கிலோமீற்றரில் மட்டும் கெண்டை இறுகுகிறதென்றால், நீங்கள் சுவரைத் தள்ளிக்கொண்டு நீண்ட நேரம் காலை இழுத்துப் பிடித்திருப்பீர்கள். பாடசாலைக் காலத்தில் எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கினார்கள். குளிர்ந்த தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்தால் அதன் உந்துவிசை தற்காலிகமாகக் குறையும். இழுப்புப் பயிற்சியைப் போட்டி முடிந்த பின்னேரத்துக்குத் தள்ளுங்கள். ஏதாவது ஓரிடம் இழுக்காமல் சரிவராது என்றிருந்தால், மெதுவோட்டத்துக்குப் பிறகு, இருபது செக்கனுக்கு மேல் போகாமல் செய்யுங்கள். கெண்டைக்கு நல்ல வோர்ம் அப் படிக்கட்டு: முன்பாதத்தில் நின்று குதியை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி, காலுக்குப் பதினைந்து தடவை. நடைபாதை விளிம்பே போதும்.

மூன்றாவது காரணம் சப்பாத்து. போட்டிக்கென்று புதிதாக வாங்கி அன்றுதான் முதன்முதலாகப் போட்டீர்களென்றால், வோர்ம் அப்பில் காரணம் தேட வேண்டாம்.

நெஞ்சு இறுகுகிறது, இருமல், மூச்சில் விசில் சத்தம்

இது மூச்சு வாங்குவதைப் போன்றதல்ல. ஓடும்போது காற்றுக்குழாய்கள் சுருங்குவது. தொய்வு உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, தொய்வு இருப்பதே தெரியாதவர்களுக்கும் வரும். ஈரக்காற்று உண்மையில் இவர்களுக்கு வசதியானது. உலர்ந்த குளிர்காற்றுத்தான் மோசம். ஆனால் காலி வீதியின் பஸ் புகையும் தூசும் அந்த வசதியைக் கெடுத்துவிடும்.

வோர்ம் அப் இவர்களுக்கு மருந்துக்கு அடுத்தபடி உதவும். குறுகிய வேக ஓட்டங்களைச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு ஒன்று இரண்டு மணி நேரத்துக்குப் பலருடைய காற்றுக்குழாய்கள் முன்னைப்போல எளிதில் சுருங்காது. ஆகவே உங்களுக்கு ஸ்ட்ரைட் ஆறு அல்லது எட்டு, இடையில் தாராளமான ஓய்வு. வோர்ம் அப் இடத்தைக் கடற்கரைப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். டொக்டர் இன்ஹேலர் தந்திருந்தால், ஓட்டத்துக்கு எத்தனை நிமிடம் முன்னர் எடுப்பது என்று அவரிடமே கேட்டு வைத்திருங்கள், வழக்கமாகக் கால் மணி நேரம் முன்னர். அதை வீட்டிலோ நண்பரின் பையிலோ விட்டுவிட்டு ஓடாதீர்கள். காற்சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

வயிறு கலக்குகிறது, அல்லது விலாவில் குத்துகிறது

ஓடத் தொடங்கியதும் இரத்தம் குடலிலிருந்து கால் பக்கம் திரும்பும். பதற்றமும் சேர்ந்தால் குடல் அசையும். அதாவது மெதுவோட்டமே மலம் கழிக்கத் தூண்டும். அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் ஐந்து நிமிடம் அசையுங்கள். வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருந்தால் படிக்கட்டில் இரண்டு தரம் ஏறி இறங்குங்கள். வீட்டு மலசலகூடத்திலேயே காரியம் முடிந்துவிடும், போட்டி இடத்தில் நீண்ட வரிசையில் நின்று வோர்ம் அப் நேரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

பால்தேத்தண்ணி வயிற்றைக் கெடுக்கிறவர்கள் வெறுந்தேத்தண்ணிக்கு மாறலாம். இரண்டு மணி நேரம் முன்னர் பாணும் ஜாமும், அல்லது இரண்டு வாழைப்பழம். தேங்காய்ச் சம்பலும் சொதியும் ஓட்டம் முடிந்த பிறகு.

விலாக் குத்துக்குப் பெரும்பாலும் கடைசி நேரத்தில் மடமடவென்று குடித்த தண்ணீரும் இனிப்புப் பானமும்தான் தூண்டுதல். தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்னரே, அரை லீற்றர் அளவில், ஆறுதலாகக் குடித்து முடியுங்கள். கோட்டுக்கு வந்தபின் இரண்டு மிடறு மட்டும். ஓடும்போது குத்தினால் வேகத்தைக் குறைத்து, குத்துகிற இடத்தை விரல்களால் அழுத்தி, சற்று முன்னால் சாய்ந்து ஆழமாக மூச்சு விடுங்கள்.

மழை

ஈரமான கல்தரையில் ஸ்ட்ரைட் வேண்டாம், வழுக்கும். நின்ற இட ஓட்டத்தால் ஈடு செய்யுங்கள். குப்பை போடும் பெரிய பொலித்தீன் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டால் தொடங்கும்வரை நனையாமல் இருக்கலாம். மாற்று மேஸ் ஒரு சோடி கொண்டுபோங்கள்.

எல்லாம் சரி, கால் பறக்கிறது, ஆனால் ஏழாவது கிலோமீற்றரில் விழுந்துவிட்டேன்

வோர்ம் அப் சரியாக அமைந்தவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு இது. கடன் இல்லாமல் தொடங்குவதால் முதல் கிலோமீற்றர் இலகுவாக இருக்கும். அந்த இலகுவில் வேகம் தெரியாது. முன்பெல்லாம் மூச்சு முட்டல்தான் உங்களைத் தடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை.

55 நிமிடத்தில் பத்து முடிக்க நினைப்பவருக்குக் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 30 செக்கன். முதல் கிலோமீற்றரை 5 நிமிடம் 40 செக்கனுக்குக் குறையாமல் ஓடுங்கள். இழந்த பத்து செக்கனைப் பிறகு ஒன்றிரண்டாக எடுத்துவிடலாம். கோட்டைப் பக்கம் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடும்போது கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் தடுமாறி வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். அந்த இடத்தில் திரையிலுள்ள வேகத்தை நம்பாமல், வீதியோரத்துக் கிலோமீற்றர் பலகையைத் தாண்டும் கணத்தில் ஓடிய நேரத்தை மட்டும் பாருங்கள். பலகை 1 என்று காட்டும்போது கடிகாரத்தில் 5 நிமிடம் 40 செக்கனுக்குக் கீழே இருந்தால், அடுத்த பலகை வரும்வரை முழு வசனமாகக் கதைக்க முடிகிற வேகத்துக்கு இறங்குங்கள்.